ஆறுதல் எப்போது மருந்தாகிறது

2018 டிசம்பர் 14. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், மார்டள்ளிக்குப் பக்கத்தில் உள்ள சுள்வாடியில் மாரம்மன் கோயில் விழா. பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். சோற்றில் பூச்சிமருந்து கலக்கப்பட்டிருந்தது. 17 பேர் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்; அவர்களில் பலரை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மைசூருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அந்த நஞ்சுக்கு அட்ரோபின் என்ற முறிமருந்து உண்டு. எவ்வளவு கொடுப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கொடுப்பது, எந்த அறிகுறியைப் பார்த்து நிறுத்துவது என்ற கணக்கும் உண்டு. ஆனால் உயிர் பிழைத்து வீடு திரும்பியவர்களுக்கும், வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கும் எதைக் கொடுப்பது? நம் ஊர்களில் துக்கம் கேட்க வருகிறவர்கள் சொல்லும் வார்த்தைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. எல்லாம் விதி. பிறந்தவர் ஒருநாள் போகத்தானே வேண்டும். மனசைத் தேத்திக்கோ. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய தத்துவத்திலிருந்து உதிர்ந்த துண்டு. அன்போடு சொல்லப்படுபவைதான். ஆனாலும் கேட்பவரின் வாயை அடைத்துவிடுவதும் உண்டு.

பழைய தத்துவங்களை மனநலச் சிகிச்சையில் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இன்று உலகமெங்கும் பேசப்படுகிறது. பயன்படுத்தலாம் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதை மருந்து என்று ஒப்புக்கொண்டால், மருந்துக்குரிய எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: யாருக்கு, எப்போது, எவ்வளவு, யாருக்குக் கூடாது.

நேரத்திலிருந்தே தொடங்கலாம். கிமு 3ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த கிரிசிப்பஸ், ஸ்டோயிக் தத்துவத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். துக்கம் என்பது தவறான கணிப்பிலிருந்து பிறக்கிறது என்று வாதிட்டவர். அவரே, மனதில் வீக்கம் புதிதாக இருக்கும்போது அதன்மேல் மருந்து போடக்கூடாது என்றார். ரோமாபுரியின் செனெக்கா நாடு கடத்தப்பட்டபோது தன் தாய் ஹெல்வியாவுக்கு ஆறுதல் எழுதினார், உடனே எழுதவில்லை. துயரத்தின் முதல் வேகம் தணியட்டும், அதற்குமுன் எழுதினால் கிளறிவிட்டதாகும் என்று காத்திருந்ததாக அவரே அதில் சொல்கிறார்.

நவீன மருத்துவம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. பேரிடரிலிருந்து மீண்டவர்களை உடனடியாக உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைத்தால் பிற்கால மனக்காயத்தைத் தடுக்கலாம் என்று 1980களிலும் 90களிலும் பரவலாக நம்பினார்கள். 1997இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் தீக்காயம் பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 13 மாதங்களுக்குப் பிறகு, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் இருந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம்தான். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பேசச் சொல்லி வற்புறுத்தாதே என்கிறது. பாதுகாப்பு, சாப்பாடு, தண்ணீர், உறவினரோடு சேர்த்து வைப்பது. பேச விரும்பினால் காது கொடுப்பது. முதல் நாட்களில் செய்யவேண்டியது இவ்வளவே. சுள்வாடி போன்ற ஒரு துயரத்தில் முதல் வாரத்துக்குத் தத்துவம் தேவையில்லை. கிரிசிப்பஸுக்கே அது தெரிந்திருந்தது.

பிறகு? இங்கே நம் மணிமேகலை ஒன்றைக் காட்டுகிறது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் பேயைக் கண்ட அச்சத்தில் இறந்துபோக, தாய் கோதமை அவனைத் தூக்கிவந்து சம்பாபதி என்ற தெய்வத்தின் முன் கிடத்தி, என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்று கேட்கிறாள். தெய்வம் வினைக்கோட்பாட்டை விளக்குகிறது. அவள் நம்ப மறுக்கவே, அண்டத்துத் தேவர்களையெல்லாம் வரவழைத்து, போன உயிர் மீளாது என்று அவர்கள் வாயாலும் சொல்லவைக்கிறது. கோதமை ஏற்றுக்கொள்கிறாள். மகனைச் சுடலையில் இட்டுவிட்டு அவளும் இறந்துபோகிறாள்.

பௌத்த மரபில் இன்னொரு கோதமி, கிசா கோதமி. இறந்த குழந்தையோடு வந்தவளிடம் புத்தர் எதையும் விளக்கவில்லை. சாவு விழாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கிவா என்று அனுப்பினார். அவள் நடந்தாள், கதவு தட்டினாள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவுக்கதையைக் கேட்டாள். கடைசியில் யாரும் சொல்லாமலே குழந்தையை அடக்கம் செய்தாள், உயிர் வாழ்ந்தாள். இரண்டு தாய்களுக்கும் கிடைத்த தத்துவம் ஒன்றேதான். ஒருத்திக்கு அது பதிலாக வந்தது, மற்றவளுக்குச் செயலாக. எழுந்து நடக்கவைத்தது, மனிதரோடு பேசவைத்தது, முடிவை அவளே எட்டும்படி விட்டது. இன்று மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சிகிச்சைகளில் இந்த மூன்றும் இருக்கின்றன.

தத்துவம் மருந்தாக எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, கிபி 2ஆம் நூற்றாண்டில் அவுலஸ் கெல்லியஸ் என்ற ரோமானியர் எழுதிவைத்த ஒரு கப்பல் பயணத்தைப் பார்க்கலாம். நடுக்கடலில் புயல். கப்பலில் பெயர்பெற்ற ஸ்டோயிக் தத்துவவாதி ஒருவர் இருந்தார். எல்லாரையும் போல அவர் முகமும் வெளுத்துப்போனது. கரை நெருங்கியதும் கெல்லியஸ் அவரிடம் போய், நீங்களும் பயந்தீர்களா என்று பணிவாகக் கேட்டார். அவர் தன் பையிலிருந்து எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் ஆசானின் நூலை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்த விளக்கம் இது: அலை அடிக்கும்போது முகம் வெளுப்பதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் யாருக்கும் வரும், ஞானிக்கும் வரும். அது உடம்பின் முதல் அசைவு. அதன்பிறகு, இது பெரும் கேடு, நான் அழிந்தேன் என்று மனம் கையெழுத்துப் போடுகிறதா இல்லையா என்பதில்தான் ஞானிக்கும் மற்றவருக்கும் வித்தியாசம்.

எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், கால் ஊனமுற்றவர். அவரை இளவயதிலேயே படித்த அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், 1955 வாக்கில் தன் பகுத்தறிவுச் சிகிச்சையைத் தொடங்கினார். ஏரன் பெக் 1979இல் வெளியான மனச்சோர்வுச் சிகிச்சை நூலில், இதன் தத்துவ வேர் ஸ்டோயிக்குகளிடம் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். நாம் இன்று சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்று சொல்வது அங்கிருந்து வளர்ந்தது.

ஓர் உதாரணம். மழை பொய்த்து மக்காச்சோளம் கருகிய ஒருவர் மனச்சோர்வில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் கோடு போட்டு நான்கு பத்திகள். முதலில் நடந்தது: பயிர் கருகியது. அடுத்து மனதில் ஓடியது: நான் எதற்கும் லாயக்கில்லாதவன். மூன்றாவதில், அப்போது வந்த உணர்வும் அதன் அளவும். நான்காவது பத்தியை நிரப்பத்தான் சிகிச்சையாளர் வேண்டும். பக்கத்து நிலம் என்ன ஆனது? அவரும் லாயக்கில்லாதவரா? போன ஆண்டு விளைந்ததே, அது யாருடைய வேலை? பதிலை அவர் வாயாலேயே வரவைக்க வேண்டும். சிகிச்சையாளர் பதிலைச் சொல்லிக்கொடுத்த நிமிடமே அது உபதேசமாகிவிடும். இந்தக் கேள்விமுறையை சாக்ரடீஸிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இப்படித் தன்னையே விசாரிக்கும் பழக்கத்தோடு மார்டள்ளிக்கு ஒரு பழைய உறவு உண்டு. தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் நிறைய வாழும் ஊர் அது. மைசூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. படுக்கப்போகுமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை கத்தோலிக்க மரபில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படுவது. செனெக்கா கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் இதே பழக்கத்தைத் தன் பழக்கமாக விவரிக்கிறார். விளக்கு எடுத்துச் செல்லப்பட்டதும், கணவனின் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்று செய்ததையும் சொன்னதையும் ஒன்றுவிடாமல் தனக்குத்தானே விசாரிக்கிறார். கண்டுபிடித்த தவறுக்குத் தன்னை அடித்துக்கொள்வதில்லை. இந்தமுறை மன்னித்தேன், இனி செய்யாதே என்று சொல்லி முடிக்கிறார். ஸ்டோயிக்குகளின் இந்த மனப்பயிற்சிகளில் பலவும் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் போயின. 16ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் நாள்தோறும் செய்யும் சோதனையைத் தன் ஆன்மிகப் பயிற்சிகளின் நடுவில் வைத்தார். அவருடைய இயேசு சபையைச் சேர்ந்த லியோனார்டோ சின்னமி 1640களின் இறுதியில் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் மைசூர் மிஷனைத் தொடங்கினார்.

அந்தப் பாலைவனத் துறவிகளில் எவாக்ரியஸ் என்பவரை மனநல மருத்துவர்கள் இன்னும் நிறையப் படிக்கவேண்டும் என்பது என் ஆசை. 399இல் இறந்தவர். மனதைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டார். அவற்றில் ஒன்று நண்பகலில் துறவியைப் பிடிக்கும் சோர்வு. சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். ஜன்னலை ஜன்னலைப் பார்க்கச் சொல்லும். இருக்கும் இடம் வெறுக்கும், செய்யும் வேலை வெறுக்கும், தேற்ற ஒருவரும் இல்லை என்று தோன்றும். மனச்சோர்வோடு ஒரு பகல் வாழ்ந்தவர் எவரும் இதை அடையாளம் கண்டுகொள்வார். எவாக்ரியஸ் சொன்ன வைத்தியம் அதைவிட ஆச்சரியமானது: கண்ணீரோடு உன் மனதை இரண்டாகப் பிரி, ஒரு பாதி தேற்றட்டும், மறுபாதி தேற்றப்படட்டும். தன் எண்ணத்தைத் தானே சற்று விலகி நின்று பார்க்கும் இந்தத் திறனைத்தான் இன்றைய சிகிச்சைகள் பலவும் வளர்க்கப் பார்க்கின்றன.

இதே ஆன்ம சோதனை ஒருவருக்கு நஞ்சாகவும் மாறும். 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்த இஞ்ஞாசியாரை ஐயம் பிடித்தாட்டியது. அறிக்கையிட்ட பாவத்தைச் சரியாகச் சொன்னேனா, ஏதாவது விட்டுப்போனதா என்று திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார். நிம்மதி வரவில்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை போனார். இன்று அதைப் படிக்கும் மருத்துவருக்கு எண்ணச் சுழற்சி நோய் நினைவுக்கு வரும். கை கழுவிக்கொண்டே இருப்பவரைப் போல, இவர்கள் மனதைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். அவர்களிடம் போய் இரவில் உன்னை நன்றாகச் சோதித்துப் பார் என்றால் நோய் வளரும். அவர்களுக்கான சிகிச்சை நேர் எதிரானது: ஐயம் வரட்டும், சோதிக்காமல் இரு, பதற்றம் தானாக இறங்கும்வரை பொறுத்திரு. எந்தப் பயிற்சி யாருக்கு என்று பிரித்தறிய ஆள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தியாவில் இந்த முயற்சி புதிதல்ல. மைசூர் அரசின் மனநல மருத்துவமனை 1937 வாக்கில் பெங்களூர் ஓசூர் சாலைக்கு வந்தது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அங்கே பிறந்தது. 1974இல் அது நிம்ஹான்ஸ் ஆனது. அங்கிருந்து என்.சி.சூர்யாவும் எஸ்.எஸ்.ஜெயராமும் 1964இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நம் நோயாளிகள் மனதின் ஆழத்தில் தோண்டும் விளக்கங்களைவிட நேரடியான ஆதரவையே நாடுகிறார்கள், மேற்கில் செய்யும் உளச்சிகிச்சையை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது என்பது அதன் சாரம். சூர்யா பிற்காலத்தில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் என்.எஸ்.வாஹியா 1970களில் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். பதஞ்சலியின் யோகத்தில் ஆசனம் முதல் தியானம் வரையிலான படிகளைச் சிகிச்சையாக்கி, ஒரு குழுவுக்கு முழுமையாகவும், இன்னொரு குழுவுக்கு மனப்பயிற்சி இல்லாமல் பார்வைக்கு ஒத்த உடற்பயிற்சியாகவும் கொடுத்து ஒப்பிட்டார். முழுமையாகப் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்று வெளியிட்டார். இன்றைய அளவுகோலில் சிறிய ஆய்வுகள்தான். ஆனால் பழமை என்பதற்காகவே ஒன்றை நம்பாமல் சோதித்துப் பார்த்தாரே, அந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மைசூரிலேயே ஜேஎஸ்எஸ் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய எல்.எஸ்.எஸ்.மாணிக்கம் 2013இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். உபநிடதம், ஆயுர்வேதம், பகவத்கீதை, யோகம் ஆகியவற்றில் மனிதனை உடல், உயிர், மனம், அறிவு என்று அடுக்கடுக்காகப் பார்க்கும் பார்வை உண்டு. பிரச்சினை எந்த அடுக்கில் தொடங்கியதோ அந்த அடுக்குக்குப் பொருந்தும் உத்தியைத் தேர்ந்தெடுக்கலாம், பல்வேறு சிகிச்சைகளை இந்த ஒரே சட்டகத்துக்குள் சேர்க்கலாம் என்கிறார். அப்படித் தேர்ந்தெடுக்கத் தகுந்த அளவுகோல்களை இனிமேல்தான் உருவாக்க வேண்டும் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

பழைய தத்துவங்களில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது பௌத்த விழிப்புணர்வுப் பயிற்சி. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவமனையில் அதைத் தீரா வலிக்காரர்களுக்குக் கற்பித்தார். அதையும் சிந்தனைச் சிகிச்சையையும் இணைத்து, மனச்சோர்விலிருந்து மீண்டிருந்த 145 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2000இல் வெளியானது. மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் வந்துபோனவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 66 சதவீதம் பேருக்கு மறுபடி வந்தது. எட்டு வாரப் பயிற்சி பெற்றவர்களில் 37 சதவீதம். ஆனால் இரண்டே முறை வந்தவர்களுக்குப் பயிற்சியால் பலன் இல்லை.

இந்த வேறுபாடு முக்கியமானது. முதல் தடவைகளில் மனச்சோர்வைப் பெரும்பாலும் வெளியே நடந்த ஓர் அடி தூண்டுகிறது: சாவு, கடன், பிரிவு. பலமுறை வந்துபோன பிறகு வெளியிலிருந்து அடி வேண்டியதில்லை. சாதாரணமான ஒரு மந்தமான மாலையே போதும், பழைய எண்ணங்கள் தாமே கோத்துக்கொண்டு வந்துவிடும். விழிப்புணர்வுப் பயிற்சி அந்தக் கோப்பைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளக் கற்றுத்தருகிறது. அதனால்தான் பலமுறை விழுந்தவர்களுக்கு அது உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 424 பேரிடம் நடந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வில், மாத்திரையைக் குறைத்துக்கொண்டே பயிற்சி செய்தவர்களில் 44 சதவீதத்தினருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது. மாத்திரையை வெல்லவில்லை, ஆனால் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையே வகுப்பில் பாடமாக நடத்திப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: வழக்கமான வகுப்புகளைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. கேட்காதவர்களுக்கு மொத்தமாக ஊற்றினால் பௌத்தமும் இன்னொரு பாடவேளையாகிவிடுகிறது.

அப்படியானால் மார்டள்ளி போன்ற ஊரில் இதை யார் செய்வது? 2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது; சாதாரண மனநோய்கள் உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை. கிராமத்துக்கு மொழியும் ஒரு தடை. மார்டள்ளி இருக்கும் பழைய கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநில எல்லைகள் மாறியபோது மைசூர் மாநிலத்துக்குப் போனது, 1997இல் புதிதாக உருவான சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆபீஸில் கன்னடம், வீட்டில் தமிழ். ஊசி போட மொழி தேவையில்லை. நான்கு பத்தி நோட்டுக்குத் தேவை. அழும்போது வரும் மொழியில் கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் பட்டம் பெற்றவராக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. கோவாவில் மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் சோதித்தார்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். எழுந்து எதையாவது செய்யவைப்பதே முறையின் சாரம், கிசா கோதமிக்குக் கிடைத்ததைப் போல. 2017இல் வந்த முடிவுப்படி மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் மீண்டார்கள். வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களைப் பயிற்றுவித்து, மருத்துவமனை வாசலில் மரபெஞ்சில் உட்காரவைத்தார். 573 பேரிடம் நடந்த ஆய்வில் ஆறு மாதம் கழித்து, பாட்டிகளிடம் பேசியவர்களில் 14 சதவீதத்தினருக்கே மனச்சோர்வு அறிகுறிகள் மிச்சம் இருந்தன. மற்றவர்களில் பாதிப்பேருக்கு இருந்தன. அந்தப் பாட்டிகளுக்கு மேற்பார்வை இருந்தது. தங்களால் முடியாததை மேலே அனுப்பும் வழியும் இருந்தது. இரண்டும் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

காதில் குரல் கேட்பவர், நாட்கணக்காகத் தூங்காமல் துள்ளுபவர், சாகப்போகிறேன் என்று பேசுபவர் ஆகியோரை முதலில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அவர்களுக்கு மாத்திரையைத் தள்ளிப்போட்டுத் தத்துவம் பேசுவது கொடுமை. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடிக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியதை நாம் மறக்கக்கூடாது. 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி சேவை நடக்கிறது, எண் 14416. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். மார்டள்ளியிலிருந்து மைசூருக்குப் பஸ் ஏறும் முன்பே அந்த எண்ணை அழைத்துவிடலாம்.